வீட்டுக்கு 5 கிலோவாட்: எக் தீவின் மைக்ரோகிரிட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் எக் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர், குடியிருப்பவர்கள் நூறு பேர் அளவில். பெருநிலத்தின் மின்கம்பி இந்தத் தீவை எட்டியதே இல்லை. முன்பு பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு டீசல் ஜெனரேட்டர். அது ஓடும் நேரத்துக்குத்தான் மின்சாரம். 1997ல் தீவு மக்கள் ஓர் அறக்கட்டளை வழியாகத் தீவையே விலைக்கு வாங்கினார்கள். அடுத்த பெரிய வேலையாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டார்கள். 2008 பிப்ரவரி 1 அன்று நீர், காற்று, சூரியன் மூன்றையும் ஒரே வலையில் இணைத்த மைக்ரோகிரிட், அதாவது பெரிய கிரிட்டைச் சாராமல் ஓடும் சிறு மின்வலை, ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து 24 மணி நேரமும் மின்சாரம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருகிறது.

எக் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் காற்றாலைப் படம்தான் முன்னால் நிற்கும். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தோன்றுவது அங்குள்ள ஒரு விதி. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. கடை, பட்டறை போன்றவற்றுக்கு 10 கிலோவாட். மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். இந்த அமைப்பின் மற்ற முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணோடு கட்டப்பட்டவை என்பது என் கணிப்பு. முதலில் தீவில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

மூன்று மூலங்கள், ஒரு மோசமான வாரம்

முதுகெலும்பு ஒரு 100 கிலோவாட் நீர்மின் நிலையம். அதற்குத் துணையாக 5, 6 கிலோவாட் அளவில் இரண்டு குட்டி நீர்மின் டர்பைன்கள். தீவின் 393 மீட்டர் உயரமுள்ள பாறைக் குன்றின் அடியில் 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. சோலார் தொடக்கத்தில் சுமார் 10 கிலோவாட்தான். பின்னர் 50 கிலோவாட் அளவுக்கு வளர்ந்தது. இவற்றோடு ஒரு ஈய-அமில பேட்டரித் தொகுதி, அதை வலையோடு இணைக்கும் 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பன்னிரண்டு, எல்லாம் கைவிட்டால் ஓட இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். வீடுகளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நிலத்தடி கேபிள் வழியாக மின்சாரம் போகிறது.

இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் 180 கிலோவாட்டை ஒட்டி வரும். அந்தக் கூட்டுத்தொகையால் வடிவமைப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. நீர்மின் நிலையத்துக்குப் பின்னால் பெரிய அணை கிடையாது. ஓடையில் ஓடும் நீரைக் குழாயில் திருப்பி விடுகிறார்கள், அவ்வளவுதான். சிறிய தீவின் ஓடை மழை நின்ற சில நாட்களிலேயே இளைத்துவிடும். காற்றின் திறனோ வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். 57 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய இடம் என்பதால் டிசம்பரில் பகல் 7 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் ஏறக்குறைய 18 மணி நேரம்.

ஆனால் மூன்றின் குறைகளும் ஒரே காலத்தில் வருவதில்லை. குளிர்காலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து வரும். வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையிலும் ஓடை வறளும்போது வெயில் நீளும். சோலாரைப் பின்னால் பெருக்கியது இதனால்தான். ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், மழைக்குப் பேர்போன ஒரு தீவில் சோலார் வீண் செலவு போலத் தெரியும். மாதவாரியாகப் பார்த்தால் நீர்மின் நிலையம் விடும் ஓட்டையை அது கச்சிதமாக அடைக்கிறது.

அப்புறம் அந்த மோசமான வாரம். குளிர்காலத்தில் உயர் காற்றழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் மழை இருக்காது, காற்று இருக்காது, பகலும் குட்டை. அந்த வாரத்தையும் பேட்டரியால் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். ஒரு பேச்சுக்குச் சராசரி லோடு 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 5,040 யூனிட். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் கரைந்துவிடும் என்பதால் 10,000 யூனிட் கொள்ளளவு வைக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் முழுதாகப் பயன்படும் பேட்டரிக்கு அவ்வளவு காசு போட முடியாது. அதனால் பேட்டரிக்குச் சில மணி நேரத்து ஏற்ற இறக்கம், டீசலுக்கு அந்த மோசமான வாரம் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. டீசலை வைத்துக்கொண்டதைத் தோல்வியாகப் பேசுபவர்கள் உண்டு. கடைசிச் சில சதவீதத்தை எட்ட என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

5 கிலோவாட் எங்கிருந்து வருகிறது

மின்கட்டணம் கட்டிப் பழகிய நமக்கு யூனிட் தெரியும். கிலோவாட் என்றால் கொஞ்சம் யோசிப்போம். யூனிட் என்பது குடத்தில் பிடித்த தண்ணீர், கிலோவாட் என்பது குழாயின் வாய். பெரிய கிரிட்டில் வீட்டுக்காரர் குழாயின் வாயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் என் வீட்டுக் கெட்டில் எந்த நொடியில் கொதித்தால் என்ன?

நாற்பது ஐம்பது இணைப்புகள் மட்டுமுள்ள வலையில் அந்த நொடி முக்கியம். ஓடை வறண்ட, காற்றில்லாத இரவில் முழு லோடையும் பேட்டரி இன்வெர்ட்டர்கள்தான் தாங்க வேண்டும். பன்னிரண்டும் சேர்ந்து 60 கிலோவாட். சாயங்காலம் வீடு திரும்பியதும் பத்துப் பேர் மின் அடுப்பையும் ஹீட்டரையும் போட்டு ஆளுக்கு 8 கிலோவாட் இழுத்தால் கதை முடிந்தது. பேட்டரியில் யூனிட் நிறைய மிச்சமிருந்தாலும் குழாயின் வாய் போதாமல் தீவே இருண்டுவிடும்.

5 கிலோவாட் என்றால் எவ்வளவு? கெட்டிலும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடலாம், மூன்றாவதாக ஒன்றைப் போடுமுன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வாழ்க்கை முடங்கிப்போகும் அளவு இல்லை, ஆனால் யோசிக்க வைக்கும் அளவு. இந்த உச்சவரம்பு கையில் கிடைத்ததும் இன்வெர்ட்டரின் அளவு, டிரான்ஸ்ஃபார்மரின் அளவு, கேபிளின் தடிமன் எல்லாமே கணிக்கக்கூடிய எண்களாகிவிடுகின்றன. உச்ச லோடு ஊகமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சாதனத்தையும் பயத்துக்காகப் பெரிதாக வாங்குவார்கள். ஒரு சிறிய திட்டத்தின் பணம் அங்கேதான் கரையும். இன்னொன்று, வரம்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் இழுத்து அடுத்த வீட்டு விளக்கை அணைக்க முடியாது.

இதோடு ஒரு மென்மையான ஏற்பாடும் உண்டு. புதுப்பிக்கத்தக்க உற்பத்தி குறைந்த நாட்களில் சிவப்பு விளக்கு அறிவிப்பு வரும், மக்கள் தாங்களாகவே பயன்பாட்டைக் குறைப்பார்கள். கட்டாயமில்லை. டீசல் செலவு தங்களுடைய மின் நிறுவனத்தின் செலவு என்று தெரிந்தவர்களுக்கு அறிவிப்பே போதும்.

ஹெர்ட்ஸ் பேசும் மொழி

இப்போது கட்டுப்பாடு. நீர்மின் நிலையம் ஒரு மூலையில், காற்றாலை குன்றடியில், சோலார் வேறிடத்தில். எல்லாவற்றையும் நேர்மின்னாக (DC) ஒரே பேட்டரிக்குக் கொண்டுவருவது இத்தனை தூரத்துக்குச் சரிப்படாது. அதனால் எல்லாம் மாறுமின் (AC) வலையிலேயே இணைகின்றன. பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர்கள் அந்த வலையின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்ற ஹெர்ட்ஸ் எண்ணையும், உருவாக்குகின்றன. சோலார் இன்வெர்ட்டர்கள் அதைப் பார்த்துப் பின்தொடர்கின்றன. முதல் வகையை வலை உருவாக்கி என்றும் இரண்டாவதைப் பின்தொடரி என்றும் சொல்லலாம். பின்தொடரிகளை எத்தனை அடுக்கினாலும் வலை உருவாகாது. தாளம் போட ஒருவர் இல்லாத கச்சேரி அது.

இன்வெர்ட்டர்கள் மூன்று மூன்றாக, ஃபேஸுக்கு ஒன்று என்று நான்கு கொத்துகளாக உள்ளன. ஒரு கொத்து பழுதானாலும் மற்ற மூன்றும் தாளத்தைத் தொடரும். ஒரே பெரிய 60 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கியிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது.

பேட்டரி நிறைந்துவிட்டது, ஓடையும் பொங்கி ஓடுகிறது, வீடுகளில் லோடு இல்லை. உபரி மின்சாரத்தை என்ன செய்வது? ஒவ்வொரு சாதனத்துக்கும் தகவல் கேபிள் இழுத்து ஒரு கணினியிலிருந்து ஆணையிடலாம். அந்தக் கேபிள் அறுந்தால்? எளிய வழி, அதிர்வெண்ணையே செய்தியாக்குவது. வலையில் எங்கே அளந்தாலும் அதிர்வெண் ஒன்றுதான். தனிக் கம்பி வேண்டாம். பேட்டரி நிறைய நிறைய, வலை உருவாக்கி அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்தும். அதைக் கண்டதும் சமூகக் கூடம், தேவாலயம் போன்ற பொதுக் கட்டிடங்களிலுள்ள ஹீட்டர்கள் தானாக ஓடத் தொடங்கும். வீணாகப் போக வேண்டிய மின்சாரம் குளிர்காலத்தில் பொது இடங்களைச் சூடாக்குகிறது.

இதில் வரிசை முக்கியம். இந்த வகை சோலார் இன்வெர்ட்டர்களில் வழக்கமான அமைப்பு, 51 ஹெர்ட்ஸைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கி 52ல் பூஜ்யத்துக்கு வருவது. ஹீட்டர்கள் அதற்கு முன்பே விழித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சோலார் சும்மா இருக்கும், கூடமும் குளிரில் கிடக்கும். அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. எல்லா ஹீட்டர்களுக்கும் ஒரே எல்லையை வைத்தால், அந்த எல்லை தொட்டதும் எல்லாம் ஒன்றாக ஓடும், லோடு திடீரென ஏறும், அதிர்வெண் விழும், எல்லாம் ஒன்றாக அணையும், மறுபடி ஏறும். வீட்டு விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு ஹீட்டரின் எல்லையையும் படிக்கட்டு மாதிரி சற்றுத் தள்ளித் தள்ளி வைப்பதும், ஓடும் எல்லைக்கும் அணையும் எல்லைக்கும் நடுவே இடைவெளி விடுவதும், காத்திருக்கும் நேரத்தை ஆளுக்கொன்றாக மாற்றுவதும். கோட்பாட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் விஷயம்தான். களத்தில் சில வாரங்களைத் தின்னும்.

சிறு பக்க விளைவும் உண்டு. மின்வலையின் அதிர்வெண்ணை நம்பி ஓடும் பழைய வகைக் கடிகாரங்கள் 51 ஹெர்ட்ஸில் மணிக்கு 1.2 நிமிடம் முந்திவிடும். பேட்டரி நிறைந்த நாளில் நேரம் வேகமாக ஓடுகிறது!

அதிர்வெண்ணைச் செய்தியாக வைக்கும்போது எல்லாருக்கும் ஒரே அகராதி இருக்க வேண்டும். ஜெர்மனியில் சோலார் பெருகியபோது, 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதிப்படி லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்கள் நிறுவப்பட்டிருந்தன. அவை எல்லாம் ஒரே நொடியில் விலகினால் நாட்டு கிரிட்டே ஆடிப்போகும் என்று உணர்ந்து, 2012ல் விதி போட்டு அவற்றை மாற்றி அமைத்தார்கள். மைக்ரோகிரிட்டிலும் அதே தவறு சின்ன அளவில் நடக்கும். சாதாரண கிரிட் அமைப்போடு வந்த இன்வெர்ட்டரை அப்படியே மாட்டிவிட்டால், வலை உருவாக்கி அதிர்வெண்ணை உயர்த்தி 'கொஞ்சம் குறை' என்று சொல்வது அதன் காதில் 'ஆபத்து, ஓடு' என்று விழும். சோலார் படிப்படியாகக் குறையாமல் மொத்தமாக விழுந்துவிடும். மாட்டும் நாளில் முதலில் சரிபார்க்க வேண்டிய அமைப்பு இதுதான்.

லோடு ஏறும் திசையில் வேறொரு பிரச்சினை. பெரிய கிரிட்டில் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகளின் நிலைமம், அதாவது சுழற்சியைச் சட்டென்று விடாத குணம், ஒரு திடீர் லோடைச் சில நொடிகள் தாங்கிக்கொள்ளும். சின்ன வலையில் அந்தக் கையிருப்பு இல்லை. நீர் டர்பைனின் வால்வைச் சட்டென்று திறக்கவோ மூடவோ முடியாது. நீண்ட குழாயில் ஓடும் நீர் அழுத்த அதிர்ச்சியாகத் திருப்பி அடிக்கும். டீசல் ஓடி, சூடாகி, வலையோடு ஒத்திசைந்து சேர இன்னும் நேரம் ஆகும். மில்லி நொடிகளில் பதில் சொல்லக்கூடியது பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றுதான். முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும், சில நொடிகளில் ஹீட்டர்கள் விலகிக் கொடுக்கும், பிறகு வால்வு, அதற்கும் பிறகு டீசல். சேமிப்பதைவிட இந்த முதல் அடியை வாங்குவதுதான் பேட்டரியின் பெரிய வேலை என்று சொல்வேன்.

ஃபியூஸ் போகாத ஷார்ட் சர்க்யூட்

மைக்ரோகிரிட் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத பகுதி பாதுகாப்பு. சாதாரண வலையில் ஷார்ட் ஆனால் பெருமின்னோட்டம் பாயும், ஃபியூஸ் உருகும், முடிந்தது. இன்வெர்ட்டர் அப்படி இல்லை. தன் குறைக்கடத்திகளைக் காப்பாற்றிக்கொள்ள, வழக்கமான மின்னோட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கோடு, அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 கிலோவாட், மூன்று ஃபேஸ், 400 வோல்ட் என்றால் ஃபேஸுக்குச் சுமார் 87 ஆம்பியர். இரண்டு மடங்கு 174. வழியில் 100 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், 174 ஆம்பியரில் அது நிதானமாகச் சூடாகிக்கொண்டிருக்கும். உருகுவதற்கு முன்பே இன்வெர்ட்டர் களைத்துப்போய் நின்றுவிடும். ஒரு கிளையில் பிடித்த பழுது முழுத் தீவையும் இருட்டாக்கும். வீட்டுக்குள் இருக்கும் 20 ஆம்பியர் பிரேக்கர் பி வகையாக இருந்தால் 60 முதல் 100 ஆம்பியரில் உடனே விழும். டி வகையாக இருந்தால் 200க்கு மேலும் கேட்கலாம், அது இங்கே கிடைக்கவே கிடைக்காது. நடுவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடைக்கும் மின்னோட்டத்தை இன்னும் குறைக்கும்.

அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓடை முழு வீச்சில் ஓடி, டீசலும் சேர்ந்த நாளில் பழுது மின்னோட்டம் பல மடங்கு. பிரேக்கர் அதையும் உடையாமல் துண்டிக்க வேண்டும். ஆக, விழும் எல்லையைப் பலவீனமான இரவுக்கு ஏற்பவும், துண்டிக்கும் வலிமையைப் பலமான நாளுக்கு ஏற்பவும் வைக்க வேண்டியிருக்கிறது. பெரிய கிரிட்டில் வேலை செய்து பழகிய பொறியாளர்கள் இரண்டாவதை மறக்க மாட்டார்கள். முதலாவதில்தான் வழுக்குவார்கள்.

முழு இருட்டிலிருந்து வலையைத் திரும்ப எழுப்புவதும் இதே குடும்பத்துப் பிரச்சினை. டிரான்ஸ்ஃபார்மரைச் சட்டென்று இணைக்கும்போது ஒரு கணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களை ஒரே சுவிட்சில் எழுப்பினால் இன்வெர்ட்டர் மறுபடி படுத்துவிடும். பகுதி பகுதியாக எழுப்பலாம். அல்லது எல்லாவற்றையும் இணைத்து வைத்துக்கொண்டு மின்னழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றலாம். இன்வெர்ட்டருக்கு இரண்டாவது வழி கைவந்த கலை, பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய தீவு, வேறு முடிவு

ஒப்பிட ஸ்பெயினின் எல் இயெர்ரோ தீவை எடுத்துக்கொள்கிறேன். 2014ல் தொடங்கிய அமைப்பு. 11.5 மெகாவாட் காற்றாலை. காற்று மிகும்போது நீரை மேலே ஏற்றி, குறையும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம். எக்கைவிடப் பல மடங்கு பெரியது, பொறியியலும் அழகானது. 2019 கோடையில் தொடர்ச்சியாக 24 நாட்கள் டீசல் இல்லாமல் ஓடியது. ஆனால் ஆண்டு முழுக்கக் கணக்கெடுத்தால் 2018ல் புதுப்பிக்கத்தக்க பங்கு பாதியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது.

அங்கே ஏறக்குறைய எல்லாமே ஒரே மூலத்தை, காற்றை, நம்பியிருக்கிறது. காற்று நின்ற நீண்ட நாட்களுக்கு நீர்த்தேக்கம் போதாது. கீழே உள்ள தேக்கம் மேலே உள்ளதைவிடச் சிறியது. எக்கில் ஓடையும் வெயிலும் ஒன்றை ஒன்று ஈடுசெய்கின்றன. எல் இயெர்ரோவில் ஆயிரக்கணக்கான பேருடைய சாதாரண வாழ்க்கைக்கு மேலே ஒரு வரம்பு போட முடியாது என்பதும் இருக்கிறது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நூறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒத்துக்கொள்ளக்கூடிய விதியைப் பத்தாயிரம் பேரிடம் எடுத்துப்போக முடியாது.

எக்கின் பராமரிப்பும் அந்த அளவால்தான் சாத்தியமாகிறது. மின் நிறுவனம் தீவு அறக்கட்டளையுடையது. மீட்டரில் முன்பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற தீவுக்காரர்களே பகுதிநேரமாக எண்ணெய் போடுகிறார்கள், ஓடையின் சல்லடையில் சேரும் இலைகளை வழிக்கிறார்கள், பேட்டரியைக் கவனிக்கிறார்கள். கப்பல் வராத புயல் நாளில் வெளியூர் நிபுணரால் பயனில்லை.

வரம்பு இனி என்ன ஆகும்

5 கிலோவாட் விதி எழுதப்பட்டபோது வீட்டு மின்சாரம் என்றால் விளக்கு, குளிர்பெட்டி, கெட்டில். வீட்டைச் சூடாக்குவதையும் வண்டி ஓட்டுவதையும் மின்சாரத்துக்கு மாற்றினால் கணக்கு மாறும். பிரிட்டனில் வீட்டு மின்கார் சார்ஜர் வழக்கமாக 7 கிலோவாட். அது ஒன்றே வரம்பைத் தாண்டுகிறது. அதே காரைச் சாதாரண பிளக்கில் 10 ஆம்பியரில் போட்டால் 2.3 கிலோவாட், 8 மணி நேரத்தில் 18 யூனிட்டுக்கு மேல் ஏறும், சுமார் நூறு கிலோமீட்டர் ஓடும். 31 சதுர கிலோமீட்டர் தீவில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.

நான் வடிவமைப்பதாக இருந்தால் வரம்பை எடுக்க மாட்டேன், அசைய விடுவேன். உபரி இருப்பதை அதிர்வெண் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரு சின்ன ரிலேயைக் கார் சார்ஜருக்கும் தண்ணீர்த் தொட்டி ஹீட்டருக்கும் முன்னால் வைத்தால், 50.5க்கு மேல் இருக்கும்வரை அந்த வீட்டுக்கு 8 கிலோவாட் வரை விடலாம். கீழே இறங்கியதும் தானாக 5. பொதுக் கூடத்து ஹீட்டர் செய்கிற அதே வேலைதான். ஆனால் எல்லாருடைய ரிலேயும் ஒன்றாகக் குதிக்காமல் இருக்க அந்தப் படிக்கட்டு ஏற்பாட்டை வீடு வீடாகப் போய் அமைக்க வேண்டும். உபரியை வீட்டுக்குத் திருப்பினால் தேவாலயமும் கூடமும் குளிரத் தொடங்கும். யாருக்கு எந்தப் படி, கூடத்துக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதைத் தீவு மக்கள் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.